சீலிங்கில் மரநாய், கையில் எலிப்பாஷாணம்

"மரநாய்க்கு என்ன மருந்து வைக்கலாம், டொக்டர்?" என்று கேட்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். தங்கள் நாய்க்கு ஊசி போட வந்த இடத்தில்தான் கேட்கிறார்கள். ராத்திரி முழுக்க சீலிங்கில் ஓட்டம், விடிந்தால் மூத்திரக் கறை. தூக்கம் கெட்டவரின் கோபம் விளங்குகிறது. ஆனால் அந்தக் கோபத்தில் வாங்கி வைக்கும் சாமான் என்ன செய்கிறது என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. எங்கள் மேசைக்குத்தான் அது வருகிறது.

பசை அட்டை எலிக்கென்று விற்பது. அதில் பல்லி, அணில், குருவி எல்லாம் ஒட்டும். ஒட்டியது உடனே சாகாது, இழுத்து இழுத்துத் தோல் உரியும். வெள்ளவத்தையிலிருந்து வந்த ஒரு மரநாய்க் குட்டி தன் முன்னங்காலையே கடித்துக் குதறியிருந்தது. அட்டையோடு குப்பைப் பையில் போட்டுக் கட்டியிருந்தார்கள். பை அசைவதைக் கண்ட பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் தூக்கி வந்தது. இப்படி எதையும் கண்டால் பிடித்து இழுக்காதீர்கள். மீதிப் பசையின் மேல் பேப்பரை ஒட்டிவிட்டு, உடல் ஒட்டிய இடத்தில் சமையல் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், இளகும். கைக்குத் தடித்த துணி கட்டாயம். கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவி, விசர்நாய்க்கடி ஊசிக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எலிப்பாஷாணம் இன்னும் மோசம். கடைகளில் கிடைப்பவற்றில் பல, விற்றமின் கேயின் வேலையைத் தடுத்து இரத்தம் உறையாமல் செய்பவை. தின்ற எலி அன்றே சாகாது. சில நாள் உள்ளுக்குள் இரத்தம் கசிந்து சாகும். அதுவரை தள்ளாடித் திரியும் எலியை ஆந்தையும் மரநாயும் உங்கள் பூனையும் சுலபமாகப் பிடித்துவிடும். பல் முரசு வெளுத்து வரும் பூனைக்கு வாரக்கணக்கில் விற்றமின் கே1 கொடுக்க வேண்டும், அதுவும் நேரத்துக்கு வந்தால். சம்பளமில்லாமல் எலி பிடித்தவர்களைக் கொன்றுவிட்டு எலிக்குக் காசு செலவழிக்கிறோம். என்ன கணக்கோ!

2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. மீன்பிடிப் பூனை உலாவும் தலைநகர் என்று பெருமை பேசுகிறோம். அதே ஈரநிலத்திலிருந்து ஒரு கபரகொய்யா, அதாவது நீர் உடும்பு, மதிலேறி வந்தால் கல்லும் சுடுதண்ணீரும். செத்ததைத் தின்று கால்வாயைத் துப்புரவாக்கும் அந்தப் பிராணிக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு.

மரநாயைக் கூண்டில் பிடித்துத் தியவன்னா ஓயா வாவிப் பக்கம் விடுவோர் புண்ணியம் என்று நினைக்கிறார்கள். சீலிங்கில் குட்டி இருந்தால் பட்டினியில் சாகும். நாற்றம் வரும்போதுதான் தெரியும்.

சரி, என்னதான் செய்வது? பகலில் அது படுக்கும் இடத்தில் லைட்டைப் போட்டு ரேடியோவைப் பாட விடுங்கள். தொந்தரவு பொறுக்காத தாய், குட்டிகளைக் கவ்விக்கொண்டு இடம் மாறப் பார்க்கும். சில நாள் பொறுக்க வேண்டும். இரவில் அது வெளியே போனபின், உள்ளே குட்டிச் சத்தம் இல்லையென்று பார்த்துக்கொண்டு ஓட்டையைக் கம்பி வலையால் அடையுங்கள். கூரையைத் தொடும் மாங்கிளையை வெட்டுங்கள், பப்பாசியைப் பழுக்குமுன் பறியுங்கள். காயப்பட்டதோ சிக்கியதோ இருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடியுங்கள்.