தலைவர் அறையை விட்டு வெளியே போனதும்

"கண்டிப்பான தலைவர் இருந்தால்தானே வேலை நடக்கும்? ஆளாளுக்குக் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி உருப்படும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1939-ல் வெளியான அந்த ஆய்வு, சமூக உளவியலில் எனக்கு மிகவும் பிடித்தமானது.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறிய உளவியலாளர் கர்ட் லெவின், அமெரிக்காவின் அயோவாவில் ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் இருவரோடும் சேர்ந்து செய்தது இது. குழுவுக்கு ஐந்து சிறுவர்கள், எல்லோருக்கும் பத்து வயது. முகமூடி செய்வார்கள், சோப்பில் உருவம் செதுக்குவார்கள், மாதிரி விமானம் கட்டுவார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் பெரியவர் ஒருவர் தலைவர். அவர் எந்தப் பாணியில் நடந்துகொள்ள வேண்டும் என்பதை ஆய்வாளர்கள் முன்பே முடிவு செய்திருந்தார்கள்: அதிகாரமா, ஜனநாயகமா என்று.

அதிகாரத் தலைவர் யார் யாரோடு சேர்ந்து வேலை செய்வது என்பது வரை தானே முடிவு செய்தார். அடுத்த படி என்ன என்பதை அந்த நேரம் வந்தால்தான் சொல்வார். ஜனநாயகத் தலைவர் தொடக்கத்திலேயே முழு வேலையையும் பேசவிட்டார். சந்தேகம் வந்தால் இரண்டு மூன்று வழிகளைக் காட்டி, தேர்வை அவர்களிடமே விட்டார். மூன்றாவது வகை முதலில் திட்டத்திலேயே கிடையாது. வைட் ஜனநாயகத் தலைவராக நடக்கப் பார்த்து, பையன்களை அவர்கள் போக்கில் விட்டுவிட்டார். அது வேறு ரகம் என்பதை லெவின் கவனித்து, தலையிடாத் தலைமை என்று தனியாகச் சேர்த்துக்கொண்டார்.

தலையிடாத குழுவில் வேலை மந்தம்தான். அதிகாரத் தலைவரின் குழுக்கள் பெரும்பாலும் சத்தமில்லாமல் வேலை செய்தன. இதுவரை வாசகர் சொன்னதுதான் சரி. அப்புறம் ஆய்வாளர்கள் செய்த காரியம்தான் அருமை. முன்பே திட்டமிட்டபடி, தலைவர் ஏதோ சாக்கில் எழுந்து வெளியே போய்விடுவார். கவனிப்பவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டே இருப்பார்கள். அதிகாரக் குழுவில் சில நிமிடங்களில் கைகள் ஓய்ந்துவிடும். ஜனநாயகக் குழுவிலோ தலைவர் போனதே தெரியாததுபோல வேலை தொடரும்.

ஏன்? அதிகாரக் குழுவில் வேலையின் வரைபடம் தலைவரின் தலைக்குள் மட்டுமே இருந்தது. அவர் வெளியே போனால் அடுத்த படியும் அவரோடு போய்விடுகிறது. இன்னொன்று, அங்கே கைகளை ஓடவைத்தது அவருடைய பார்வை. முகமூடியின் மேல் இருந்த ஆசை இல்லை. அந்த அமைதிகூட அடக்கிவைத்த அமைதிதான். சுதந்திரமான தலைவரிடம் மாற்றப்பட்ட முதல் நாளிலேயே அதே சாதுப் பையன்கள் அடிதடியும் ரகளையுமாக வெடித்தார்கள். ஜனநாயகக் குழுவில் வரைபடம் ஐந்து தலைகளிலும் இருந்தது. பேச்சில் 'நான்' குறைந்து 'நாம்' கூடியதும் அங்கேதான்.

இன்னொரு நுணுக்கம். சில வாரங்களுக்கு ஒருமுறை தலைவர்கள் குழுவையும் பாணியையும் மாற்றிக்கொண்டார்கள். ஒரே ஆள் இங்கே அதிகாரி, அங்கே ஜனநாயகவாதி. பாணி மாறினால் பையன்களின் நடத்தையும் மாறியது. தலைமை ரத்தத்தில் வரும், பிறந்த நட்சத்திரத்தில் எழுதியிருக்கும் என்று நம்புகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். அந்த மனிதர்கள் ஜாதகத்தை மாற்றிக்கொண்டு வரவில்லை, பேசும் முறையைத்தான் மாற்றினார்கள்.

அதற்காக ஜனநாயகத் தலைமையே எங்கும் சிறந்தது என்று சொல்லிவிட முடியாது. 20 பையன்களில் 19 பேர் அதிகாரத் தலைவரைவிட ஜனநாயகத் தலைவரையே விரும்பினார்கள், சரி. ஆனால் அவர்கள் ஒரே வயதுச் சிறுவர்கள், செய்தது பொழுதுபோக்கு வேலை. கட்டடம் தீப்பிடித்து எரியும்போது கூடிப் பேசிக்கொண்டிருக்க நேரம் இல்லை. 1960-களில் ஃபிரெட் ஃபீட்லர் என்ற உளவியலாளர் சூழலையும் கணக்கில் சேர்த்தார்: தலைவர்மேல் குழுவுக்கு நம்பிக்கை உண்டா, வேலை தெளிவானதா, பதவியின் அதிகாரம் எவ்வளவு. இவை மிகச் சாதகமாகவோ மிகப் பாதகமாகவோ இருந்தால் வேலையிலேயே குறியாக இருக்கும் தலைவர் நன்றாகச் செயல்படுகிறார். இடைப்பட்ட நிலையில், உறவைப் பேணும் தலைவர்.