வேலை போகும்போது 'ஆர்' எழுத்தைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவில் வேலையை விட்டு அனுப்பும்போது கையில் கொடுக்கிற தாளில் ஆங்கில 'ஆர்' எழுத்தில் தொடங்கும் சொற்களே அதிகம் இருக்கும். ரிசிக்னேஷன், ரிட்ரெஞ்ச்மென்ட், ரீஸ்ட்ரக்சரிங், ரெமுனரேஷன் என்று எல்லாம் பார்வைக்கு ஒரே குடும்பம்தான். ஆனால் அந்தத் தாளில் எந்தச் சொல் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் உங்களுக்கு வரும் பணம் அமையும்.

டர்பனில் தொழிலாளர் தகராறுகளுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். இங்கே இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ரிட்ரெஞ்ச்மென்ட் என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. துணி ஆலைகள் ஒவ்வொன்றாக மூடியபோது அதைக் கேட்டே வளர்ந்தவர்கள் அவர்கள். நான் எழுதுவது தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து ஓட்டல், கடை, கோயில், ஐடி கம்பெனி என்று வேலை பார்ப்பவர்களுக்கு.

ரிட்ரெஞ்ச்மென்ட் என்றால் உங்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லாமல், முதலாளி தன் வியாபாரத் தேவைக்காக ஆளைக் குறைப்பது. 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டம், 189ஆம் பிரிவில் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறது. ஆட்குறைப்பு யோசனை வந்ததுமே காரணத்தையும், வேறு வழி உண்டா என்பதையும், யாரை எந்த அடிப்படையில் நீக்கப்போகிறார்கள் என்பதையும் எழுத்தில் கொடுத்துக் கலந்து பேச வேண்டும். முடிவை எடுத்துவிட்டு அப்புறம் கூப்பிட்டுச் சொல்வது கலந்து பேசுவது ஆகாது. பணம் என்று பார்த்தால், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம். ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்திருந்தால் நான்கு வாரம் நோட்டீஸ், அல்லது அதற்கான பணம். எடுக்காத விடுமுறைக்கும் பணம் உண்டு. இவற்றுக்கெல்லாம் மேல், மாதாமாதம் நீங்கள் 1 சதவீதமும் முதலாளி 1 சதவீதமும் கட்டிவந்த யுஐஎஃப் என்ற வேலையின்மைக் காப்பீட்டு நிதியிலிருந்து உதவித்தொகை கேட்கலாம். அவர்கள் தரும் வேறு நியாயமான வேலையைக் காரணமில்லாமல் மறுத்தால் மட்டும், வருடக் கணக்கில் வரும் அந்தத் தொகை போய்விடும்.

ரிசிக்னேஷன் என்றால் நீங்களாக விலகுவது. வருடக் கணக்குப் பணம் கிடையாது, யுஐஎஃப் உதவித்தொகையும் கிடையாது. வாரம் 2,500 ராண்ட் வாங்கும் சமையல்காரர் எட்டு வருடம் ஒரே இடத்தில் வேலை செய்திருந்தால், இந்த ஒரு சொல் மாறுவதாலேயே 20,000 ராண்ட் போச்சு. யுஐஎஃப் தனி.

அதனால்தான் சில முதலாளிகள் நைசாகப் பேசுவார்கள். "தம்பி, நான் நீக்கினால் உன் ரெக்கார்டு கெட்டுப்போகும், நீயே எழுதிக் கொடுத்துரு." நான் பார்த்த மனுக்களில் திரும்பத் திரும்ப வரும் வசனம் இதுதான். கேட்க அக்கறை மாதிரி இருக்கும். ஆனால் வேலையை விடும்போது தர வேண்டிய சர்வீஸ் சர்டிஃபிகேட்டில், நீங்கள் கேட்டால் ஒழிய, விலகிய காரணத்தை எழுதக் கூடாது. அடிப்படை வேலை நிலைமைகள் சட்டத்தின் 42ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ரெக்கார்டு எங்கே கெடுகிறது?

இன்னொன்று, ரிசிக்னேஷனை முதலாளி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற அவசியமே இல்லை. கொடுத்த உடனே அது செல்லும். மறுநாள் மனம் மாறினாலும் அவர் சம்மதிக்காமல் திரும்பப் பெற முடியாது. கோபத்தில் ராத்திரி வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பியதும் எழுத்துதான், அதுவும் கணக்கில் வரும். வேலையில் இருக்கவே முடியாத அளவுக்குத் தொந்தரவு கொடுத்து எழுத வைத்தார்கள் என்று வாதாடலாம்தான். ஆனால் அதை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. லேசில்லை.

ரீஸ்ட்ரக்சரிங் என்ற சொல்லைக் கண்டு பயப்படவும் வேண்டாம், ஏமாறவும் வேண்டாம். அது கம்பெனியின் திட்டத்துக்கு ஒரு பெயர். அதன் விளைவாக உங்கள் வேலை போனால் அது ரிட்ரெஞ்ச்மென்ட்தான். ரெமுனரேஷன் என்பது அடிப்படைச் சம்பளத்தைவிடப் பெரியது. தங்குவதற்கு வீடு கொடுத்திருந்தால், பொதுவாக அதன் மதிப்பும் நோட்டீஸ் பணக் கணக்கில் வர வேண்டும். ஓட்டலுக்கு மேல் மாடியில் தங்கி வேலை பார்ப்பவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

ஐடிக்காரர்களுக்கு ரெஸ்ட்ரெயின்ட் ஆஃப் டிரேட். இங்கிருந்து விலகி இத்தனை மாதம் போட்டிக் கம்பெனியில் சேர மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி வேலையை விட்ட பிறகு இப்படித் தடுப்பது செல்லாது. அந்த நினைப்பில் சென்னைப் பிள்ளைகள் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். இங்கே 1984இல் வந்த மேக்னா அலாய்ஸ் தீர்ப்பிலிருந்து நிலைமை தலைகீழ். அந்த நிபந்தனை செல்லும். அது நியாயமற்றது என்று காட்ட வேண்டியது உங்கள் வேலை.

நியாயமில்லாமல் நீக்கினார்கள் என்று முடிவானால் ரீஇன்ஸ்டேட்மென்ட் கேளுங்கள். பழைய இடத்தில், பழைய சர்வீஸ் தொடர்ச்சியோடு திரும்புவது அது. ரீஎம்ப்ளாய்மென்ட் அப்படியில்லை. புது ஆளாக எடுப்பதாகவும் இருக்கலாம், சேர்த்த வருடங்கள் போய்விடலாம். சமரசம் பேசும் மேசையில் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துத் தலையாட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

விசா இல்லையே, புகார் கொடுத்தால் வம்பாகுமே என்பவர்களுக்கு ஒரு செய்தி. செல்லுபடியாகும் வேலை அனுமதி இல்லாதவரும் தொழிலாளர் உறவுச் சட்டத்தின்படி தொழிலாளிதான் என்று 2008இல் லேபர் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நீக்கியது நியாயமா என்று கேட்கும் உரிமை அவருக்கும் உண்டு. ஆனால் குடியேற்றத் துறையின் நடவடிக்கையை இது தடுக்காது, அதற்குத் தனியாக ஆலோசனை கேளுங்கள்.

தாளை நீட்டியதும் பேனாவை எடுக்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கிறேன் என்று சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்று நின்றால், பக்கத்தில் 'ரிசீவ்ட் ஒன்லி' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டு, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், தொழிலாளர் தகராறுகளில் சமரசம் செய்து தீர்ப்புச் சொல்லும் ஆணையமான சிசிஎம்ஏவில் ரெஃபரல் படிவம் கொடுங்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. வேலை போன நாளிலிருந்து 30 நாள்தான் கெடு, சனி ஞாயிறும் சேர்த்து. முதலாளிக்கு ஒரு நகல் அனுப்பி, அனுப்பியதற்கான அத்தாட்சியைப் படிவத்தோடு இணையுங்கள். அது இல்லாமல் கொடுத்தால் திருப்பிவிடுவார்கள், அதற்குள் 30 நாள் ஓடிவிடும்.