மின்தூக்கி மறைத்த மூச்சிரைப்பு

எங்கள் புளோக்கில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்கும். அதனால் பெரியம்மாவுக்கு மூச்சு வாங்குவது யாருக்கும் தெரியவில்லை. தேக்கா சந்தைக்குப் போகும் வழியில், நடைமேம்பாலத்தின் பாதிப் படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். "வயசாச்சுல்ல" என்றார். பலதுறை மருந்தகத்தில் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்செலும்புக்கு வலப்பக்கம் மேலே வைத்த மருத்துவர், வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டார்.

இதயத்தில் நான்கு வால்வுகள். மெல்லிய இதழ்கள்தான், திறந்து மூடச் சொந்தமாகத் தசை கிடையாது. பாயும் ரத்தம் தள்ளினால் ஒதுங்கும், அதே ரத்தம் திரும்பி வரப் பார்த்தால் சாத்திக்கொள்ளும். நாளுக்குச் சுமார் 1,00,000 முறை. நாம் கேட்கும் 'லப்-டப்' இரண்டுமே கதவு சாத்தும் ஓசை. 'லப்' மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள இரண்டு வால்வுகளுடையது, 'டப்' வெளியேறும் வாசலில் உள்ள இரண்டுடையது. நல்ல வால்வு திறக்கும்போது சத்தமே வராது. நடுவே 'உஸ்' என்று கேட்டால், ரத்தம் எங்கோ இடுக்கில் புகுந்து போகிறது, அல்லது மூடாத வால்வு வழியே பின்னால் கசிகிறது.

பெரியம்மாவுக்கு முதல் வகை. உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனியின் வாசலில் உள்ள வால்வு 3 முதல் 4 சதுர செ.மீ. திறக்க வேண்டும். வயதாக ஆக இதழ்களில் சுண்ணாம்புச்சத்து படிந்து விறைத்தால், 1 சதுர செ.மீ.க்கும் கீழே போய்விடும். இடது கீழறை விடாது; சுவரைத் தடிப்பாக்கிக்கொண்டு அழுத்தித் தள்ளும். இந்த விசுவாசம்தான் ஆபத்து, பல வருடம் ஒன்றும் தெரியாது. மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, மயக்கம் தலைகாட்டிய பிறகு தாமதிக்கக் கூடாது. (100 பேரில் ஓரிருவருக்குப் பிறவியிலேயே மூன்றுக்குப் பதில் இரண்டு இதழ்தான், அவர்களுக்கு இது முன்னதாகவே வரும். சின்ன வயதுத் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் பெரும்பாலும் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள ஈரிதழ் வால்வைக் கெடுக்கும்.)

படிந்த சுண்ணாம்பைக் கரைக்க மருந்து இல்லை. மாற்றத்தான் வேண்டும். கார்பன் வால்வு நெடுங்காலம் உழைக்கும், ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் வார்ஃபரின் மாத்திரை. விலங்குத் திசுவில் செய்த வால்வுக்குப் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை, காலப்போக்கில் தேயும். 2002இல் பிரான்சில் இதய மருத்துவர் அலென் கிரிபியே நெஞ்சைப் பிளக்காமல், சுருட்டிய வால்வை ரத்தக்குழாய் வழியே கொண்டுபோய் விரித்துக் காட்டினார். பெரியம்மாவுக்கும் அப்படித்தான், தொடை வழியாக.

அந்த இதழ்கள் மாட்டின் இதய உறையில் செய்தவை என்று மருத்துவர் சொன்னார். மாட்டிறைச்சி பக்கமே போகாதவர் பெரியம்மா. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, சாப்பிடத்தானே கூடாது" என்றார்.