ரொமான்டசி: தமிழில் என்ன பெயர் வைப்பது?

புத்தகக் கடைகளின் ஆங்கில நாவல் பகுதியில், தாள்களின் விளிம்புக்கெல்லாம் வண்ணம் பூசி, அட்டையில் வாளும் முட்கொடியும் மின்ன, தலையணை கனத்தில் அடுக்கி வைத்திருக்கும் நாவல்களின் பெயர் ரொமான்டசி. ரொமான்ஸ், ஃபேன்டசி என்ற இரண்டு சொற்களையும் நறுக்கி ஒட்டியதில் பிறந்தது.

பொருள் எளியது. மந்திரம், டிராகன், சாபம் பிடித்த அரசவை என்று கதை நடக்கும் உலகமே வேறாக இருக்கும். அங்கே இருவருக்கிடையே வளரும் காதல்தான் கதையை இழுத்துச் செல்லும். காதலர்கள் கடைசியில் சேர்ந்தாக வேண்டும் என்பது எழுத்தாளருக்கும் வாசகருக்கும் இடையிலுள்ள எழுதாத ஒப்பந்தம். நடுவில் எத்தனை நகரங்கள் எரிந்தாலும் பொறுத்துக்கொள்வோம். சேராமல் போனால் மட்டும் பொறுக்கமாட்டோம். தொடர் நாவல் என்றால் அந்தச் சேர்க்கை சில பாகங்கள் தள்ளிப்போகலாம். அதுவரை காத்திருப்பதும் இன்பம்தான் என்பது இவற்றை விரும்பிப் படிக்கும் என் கட்சி.

சொல் அப்படி ஒன்றும் புதிதல்ல. வாசகர்களே பதிவிடும் அர்பன் டிக்‌ஷனரியில் 2008ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றுவிட்டது. ஆனாலும் 2020க்குப் பிறகு, டிக்டாக்கில் புத்தகம் பேசும் வாசகர்கள் வாயில் விழுந்த பிறகுதான் அது ஊரறிந்த சொல்லானது. வாசகர்கள் புத்தகங்களுக்கு மதிப்பெண் போடும் குட்ரீட்ஸ் தளம் 2023இல் தன் ஆண்டு விருதுகளில் ரொமான்டசிக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியது. அந்த முதல் விருதை ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ பெற்றது. 2024இல் காலின்ஸ், ஆக்ஸ்ஃபோர்டு அகராதிகள் இரண்டும் ஆண்டின் சொல்லுக்கான தங்கள் பட்டியலில் இதைச் சேர்த்தன. 2025 ஜனவரியில் யாரோஸ் தொடரின் மூன்றாம் பாகம் வெளியானபோது முதல் வாரத்திலேயே 27 லட்சம் படிகளுக்கு மேல் விற்றது.

ஒட்டப்பட்ட இரண்டு துண்டுகளில் ரொமான்ஸுக்குச் சுவையான வரலாறு உண்டு. அது தொடக்கத்தில் காதலைக் குறிக்கவே இல்லை. லத்தீன் கற்றோர் மொழியாக இருந்த காலத்தில், மக்கள் பேசிய பழைய பிரெஞ்சுக்கு ‘ரொமான்ஸ்’ என்று பெயர். ரோமானிய முறைப்படி பேசுவது என்ற வழக்கிலிருந்து வந்தது. பிறகு அந்த மொழியில் எழுதிய கதைகளுக்கும் அதுவே பெயரானது. 12ஆம் நூற்றாண்டில் கிரெத்தியான் த துருவா என்ற பிரெஞ்சுக் கவிஞர் எழுதியவை இவ்வகைக் கதைகள்தான். அவருடைய இவான் கதையில் வீரன் இருக்கிறான், அவன் காதலித்து மணக்கும் பெண் இருக்கிறாள், அணிந்தவரை மறைத்துவிடும் மோதிரம் இருக்கிறது, வீரனுக்குத் துணையாகச் சுற்றும் சிங்கமும் இருக்கிறது. அதாவது ரொமான்ஸ் என்ற ஒரே சொல்லுக்குள் காதலும் மாயமும் அன்றே ஒன்றாகக் குடியிருந்தன. நாளடைவில் ஆங்கிலம் மாயத்தை வெளியே அனுப்பிக் காதலை மட்டும் வைத்துக்கொண்டது. இப்போது இன்னொரு சொல்லை ஒட்டி, அனுப்பியதைத் திரும்ப அழைத்திருக்கிறது.

ஃபேன்டசிக்கு இவ்வளவு கதை கிடையாது. காட்சிக்குக் கொண்டுவருதல் என்ற பொருளுடைய கிரேக்க வினையிலிருந்து ‘ஃபன்டாசியா’ வந்தது. மனத்தில் தோன்றும் உரு என்று பொருள். தமிழ் விக்கிப்பீடியர்கள் கனவுருப்புனைவு என்று பெயர் வைத்தபோது, அறிந்தோ அறியாமலோ அந்த மூலப்பொருளுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார்கள். இலக்கிய வட்டத்தில் மிகுபுனைவு என்பார்கள். ஆனால் சினிமாக் கொட்டகைக்கும் சிறுவர் பத்திரிகைக்கும் பழகிய தலைமுறையிடம் கேட்டால் ‘மாயாஜாலக் கதை’ என்று தயங்காமல் சொல்லும்.

சரி, ரொமான்டசிக்கு என்ன சொல்லலாம்? மாயக்காதல் என்பதுதான் முதலில் வாயில் வரும். வேண்டாம். தமிழில் மாயத்துக்குப் பொய், வஞ்சனை என்ற பொருளும் உண்டு. போதாக்குறைக்கு, ‘மாணவி மாயம்’ என்று தலைப்பிடும் நாளிதழ்களைப் படித்து வளர்ந்தவர்கள் நாம்; மாயக்காதல் என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டிய விஷயம் என்று தோன்றும். மந்திரக்காதல் அதைவிட மோசம், வசிய மருந்து வாடை அடிக்கிறது. இரண்டு சொற்களை நறுக்கி ஒட்டும் ஆங்கில வழியும் நமக்குச் சரிப்படாது. சொல்லை உடைக்காமல் உருபை மறைத்துத் தொகையாக்குவதே தமிழின் வழக்கம்.

தொகையாக்கத் தொடங்கினால், ஆங்கிலம் நைசாக நழுவிய ஒரு கேள்விக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும். காதல் மிகுபுனைவு என்றால் தலைமைச் சொல் மிகுபுனைவு. காதல் அதற்கு அடை. மிகுபுனைவுக் காதற்கதை என்றால் காதற்கதைதான் தலைமை. ஆங்கில வாசகர்களுக்குள்ளும் இந்தப் பாகுபாடு முன்பே இருந்தது. ‘ரொமான்டிக் ஃபேன்டசி’ என்றால் போரோ அரியணையோ முதன்மை, காதல் கூடவே வரும். ‘ஃபேன்டசி ரொமான்ஸ்’ என்றால் காதலே முதன்மை. ரொமான்டசி இரண்டையும் ஒரே கோணியில் கட்டிவிட்டது; விற்பவர்களுக்கு வசதிதான்.

என் அளவுகோல், காதலை எடுத்துவிட்டால் கதை நிற்கிறதா என்பது. ‘ஃபோர்த் விங்’ நாவலையே எடுத்துக்கொள்ளலாம் (படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்). நாயகியின் தாய் படைத்தலைவி. நாயகனின் தந்தை கிளர்ச்சி செய்து மரண தண்டனை பெற்றவர். ஆக, பகை குடும்பத்திலேயே இருக்கிறது. டிராகன் ஏறிப் போரிடப் பழக்கும் கல்லூரியில் இருவருக்கும் வாய்க்கும் டிராகன்கள் இரண்டும் ஏற்கெனவே இணை. அவை நெடுநாள் பிரிந்திருக்கமாட்டா. ஒருவர் செத்தால் மற்றவர் உயிருக்கும் ஆபத்து. எனவே பகைவர் இருவரும் ஒருவரையொருவர் காத்தே ஆக வேண்டும். இங்கே டிராகன் வெறும் தோரணமல்ல. காதலை நெருக்கித் தள்ளுவதே அதுதான். காதலை எடுத்தால் கதையில் பாதிக்கு வேலையே இருக்காது.

இதே அளவுகோலோடு நம் பழைய நூல்களுக்குப் போனால் நல்ல வேடிக்கை. சீவக சிந்தாமணியில் பறக்கும் மயிற்பொறி உண்டு, வித்தியாதர மகள் காந்தருவதத்தை உண்டு, வேண்டிய உருவெடுக்கும் மந்திரம் உண்டு, திருமணங்கள் எட்டு. மணநூல் என்றே பெயர் வாங்கியது. ஆனால் கடைசி இலம்பகத்தின், அதாவது அத்தியாயத்தின், பெயர் முத்தி. சீவகன் எல்லாவற்றையும் துறந்து போய்விடுகிறான். ரொமான்டசி வாசகர் புத்தகத்தைச் சுவரில் எறிவார். மணிமேகலை அமுதசுரபியும் வானவழியும் நிறைந்த மிகுபுனைவு. காதலை மறுப்பதே அதன் கதை. புகழேந்தியின் நளவெண்பாதான் கச்சிதமாகத் தேறுகிறது. அன்னம் தூது போகிறது. சுயம்வரத்தில் தேவர்கள் நளன் உருவிலேயே வந்து அமர்கிறார்கள். எவன் கண் இமைக்கிறதோ, எவன் கால் நிலத்தில் படுகிறதோ, எவன் மாலை வாடுகிறதோ அவனே தன்னவன் என்று தமயந்தி கண்டுபிடிக்கிறாள். தேவரை விட்டுவிட்டு வாடும் மாலைக்காரனைத் தேர்ந்தெடுக்கும் அந்த இடத்துக்கு இணையாக இன்றைய ஆங்கில நாவல்களில் நான் படித்தது குறைவு. அப்புறம் கலி பிடிக்கிறது, பாம்பு கடித்து நளன் உரு மாறுகிறது, பிரிவு நீள்கிறது, கடைசியில் சேர்கிறார்கள். ஒப்பந்தம் மீறப்படவில்லை.

ஆகவே காதல் தலைமையாக நிற்கும் சொல்லே பொருந்தும். மதிப்புரையிலும் நூலகப் பகுப்பிலும் ‘மிகுபுனைவுக் காதற்புதினம்’ என்று எழுதலாம். நண்பருக்குப் பரிந்துரைக்கும்போது அவ்வளவு விறைப்பு எதற்கு, ‘மாயாஜாலக் காதல் நாவல்’ போதும். ஜாலம் வடமொழி, நாவல் ஆங்கிலம் என்று தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிப்பார்கள். கேட்டவர்களுக்கு உடனே புரிந்துவிடும் என்பதால் என் வாக்கு இதற்கே. போரும் அரியணையும் முன்னே நிற்க, காதல் ஓரமாக வந்துபோகும் நூல்களுக்கு இந்த இரண்டும் பொருந்தாது. அவற்றைக் ‘காதல் கலந்த மிகுபுனைவு’ என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.