சிமுலேட்டட் கேமரா: தமிழில் எந்தச் சொல்?

தரமணியில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் க்யூஆர் குறியைப் படிக்கும் செயலி ஒன்றைச் செய்துகொண்டிருந்தபோது, ஒரு கேள்வி தினமும் காதில் விழும்: "ரியல் கேமராவா, சிமுலேட்டடா?" செயலியைச் சோதிக்க, நிஜக் கேமராவுக்குப் பதிலாக மென்பொருளே படம் காட்டுவதுதான் சிமுலேட்டட் கேமரா. தமிழ்க் கையேடு எழுத உட்கார்ந்தேன். 'சிமுலேட்டட்' என்ற சொல்லிலேயே கை நின்றுவிட்டது.

சிமுலேட் என்பதன் மூலம் லத்தீன் 'சிமுலாரே'. அதற்கு வேர், 'போன்ற' என்று பொருள்படும் 'சிமிலிஸ்'. அதோடு சேர்த்துச் சொல்லப்படும் எமுலேட் வேறு வழியில் வந்தது, போட்டியாளனைக் குறிக்கும் சொல்லிலிருந்து. ஆண்ட்ராய்டு எமுலேட்டர் கைபேசியின் வன்பொருளையே கணினிக்குள் செய்து காட்டும். அதில் பின்பக்கக் கேமராவுக்கு 'விர்ச்சுவல் சீன்' என்று கொடுத்தால் ஒரு வீட்டின் கூடம் தெரியும். நம் க்யூஆர் படத்தை அதன் சுவரில் மாட்டிவிட்டு, விசைப்பலகையாலேயே நடந்து கிட்டே போகலாம். 'வெப்கேம்' என்று கொடுத்தால் மடிக்கணினியின் கேமராவையே எடுத்துக்கொள்ளும். ஐபோன் செயலிகளைச் சோதிக்க உதவும் ஆப்பிளின் சிமுலேட்டரில் கேமராவே கிடையாது. குரோம் உலாவியின் சோதனைக் கேமராவில் பச்சைத் திரையில், பழைய வீடியோ விளையாட்டின் பாக்மேன் போன்ற உருவம் சுழலும்.

'போல' என்ற வேரை வைத்துப் பார்த்தால் 'போலி'தான் நேர்ச்சொல். இலக்கணத்தில் போலி மதிப்பான சொல்: அறம் என்பது அறன் என்று வந்தாலும் பொருள் மாறாது, ஓர் எழுத்தின் இடத்தில் இன்னோர் எழுத்து நின்று வேலையை முடித்துவிடுகிறது. சோதனைக் கேமரா செய்வதும் அதையேதான். ஆனால் போலி மருத்துவர், போலிப் பத்திரம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு 'போலிக் கேமரா' மோசடியாகத்தான் ஒலிக்கும். நல்ல சொல்லை இப்படி இழந்துவிட்டோமே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

உருவகப்படுத்தல் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. 'மதி போன்ற முகம்' உவமை. முகமே மதி என்றாகிவிட்டால் உருவகம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அழிப்பது உருவகம். சோதனையிலோ அந்த வேறுபாட்டை ஒருபோதும் மறக்கக் கூடாது. பாவனை? இலங்கைத் தமிழில் அதற்குப் பயன்பாடு என்று பொருள். 'விர்ச்சுவல்' என்பதற்கு வழங்கும் மெய்நிகர் என்றால் மெய்க்குச் சமம். அந்தப் பாராட்டு இதற்கு அதிகம்.

எவ்வளவு அதிகம் என்று ஒரு டீக்கடையில் தெரிந்தது. அந்தக் கூடத்துச் சுவரில் ஒருமுறைகூடத் தவறாமல் படித்த எங்கள் செயலி, கல்லாமேல் இருந்த அட்டையைப் படிக்கவே இல்லை. பிளாஸ்டிக் உறை, அதன்மேல் காய்ந்த பால் துளி, மத்தியான வெயில். க்யூஆரின் மூன்று மூலைகளில் இருக்கும் சதுரங்களை வைத்துத்தான் செயலி அதை அடையாளம் காணும். அதில் ஒன்று பளபளப்பில் வெள்ளையாகிவிட்டது. கடைக்கார அண்ணன் அட்டையைக் கையில் எடுத்து நிழல் பக்கம் சாய்த்தார்: "இப்டி காட்டுப்பா, புடிக்கும்." பிடித்தது.

அதற்காகச் சோதனைக் கேமராவைத் தள்ளிவிடவும் முடியாது. நிரலில் ஒரு வரி மாறினாலும் அதே படத்தை அதே வெளிச்சத்தில் மறுபடி காட்டினால்தான், பிழை நிரலிலா படத்திலா என்று பிரித்துச் சொல்ல முடியும். நள்ளிரவில் தானாக ஓடும் சோதனைக்கு அட்டையைச் சாய்த்துப் பிடிக்க ஆள் யார்?

ஜனவரி வந்தால் செய்தித்தாளில் ஓர் அறிவிப்பைப் பார்ப்போம்: குடியரசு தின அணிவகுப்பு ஒத்திகை, காமராஜர் சாலையில் போக்குவரத்து மாற்றம். மாக் டிரில் என்பதையும் பேரிடர் ஒத்திகை என்றே எழுதுகிறார்கள். ஒத்திகை என்ற சொல்லில் ஏமாற்று இல்லை. உண்மையான நாள் இனிமேல்தான் வரும் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆகவே 'ஒத்திகைக் கேமரா' என்றே எழுதினேன். அதன் இணைக்கு 'மெய்க் கேமரா'. மெய் என்றால் உண்மை, உடல் இரண்டும்தானே. கண்ணாடியும் சூடும் தூசியும் உள்ள கருவிக்கு அது பொருந்துகிறது.

இப்போது எங்கள் சோதனை அட்டவணையில் இப்படி எழுதுகிறோம்: "ஒத்திகைக் கேமராவில் தேறியது. மெய்க் கேமராவில், வெயிலில், பார்க்க வேண்டும்."