துருப்பிடித்த பழைய வேனை வீட்டில் பிரிக்கும் முன்

கோவையில் 26 வருடமாக டிங்கர் பட்டறை நடத்துகிறேன். அடிபட்டு வரும் வண்டியும் துருப்பிடித்து வரும் வண்டியும்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. சில வருடங்களாக இன்னொரு வகை ஆட்களும் தேடி வருகிறார்கள். பழைய வேன் ஒன்றை வாங்கி, வீட்டுக் கொட்டகையில் தாங்களே பிரித்துப்போட்டு, பாதியில் நின்றுபோய், "அண்ணா, ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போங்க" என்று கூப்பிடுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு ஒரு வண்டிக்காகக் கையைக் கறுப்பாக்கிக்கொள்கிற இவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இவர்களில் யாரும் கண்ணையோ உயிரையோ பறிகொடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்படிக் கூப்பிட்ட ஒரு தம்பியின் கொட்டகையில் நின்றது 1970-களின் ஃபோக்ஸ்வாகன் மைக்ரோபஸ். ஜெர்மனியில் வொல்ஃப்ஸ்பர்க் ஆலையில் 1950-இல் வரத் தொடங்கி, 1956-இல் ஹனோவருக்கு மாறிய வண்டி. 1967 வரை முன்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டாக இருக்கும். அதற்குப் பிறகு வளைந்த ஒரே கண்ணாடி. அறுபது எழுபதுகளில் ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் என்று தரைவழியாகவே இந்தியாவுக்கு வந்த பலர் இந்த மாதிரி வேனில்தான் வந்தார்கள். தம்பியிடம் இருந்தது ஒற்றைக் கண்ணாடி மாடல். பார்த்தவுடன் மனசு துள்ளியது. பக்கத்தில் போய்க் கதவைத் திறந்தேன். மூட முடியவில்லை.

கதவுக்குக் கீழே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை நீளமாக ஒரு பெட்டித் தகரம் ஓடும். அதுதான் முதலில் துருப்பிடிக்கும். தம்பி அதை இரண்டு பக்கமும் ஒரே நாளில் கிரைண்டர் போட்டு வெட்டி எடுத்துவிட்டார். லாரிக்கு இருப்பதுபோல் இந்த வேனுக்குத் தனியாகக் கழற்றி வைக்கிற சேசிஸ் கிடையாது. அடிச்சட்டம், தரைத்தகரம், கீழ்ப்பெட்டி, கூரை எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து வெல்டிங் வைத்திருப்பார்கள். அந்த முழுக் கூடும் சேர்ந்துதான் எடையைத் தாங்குகிறது. இரண்டு பெட்டியையும் எடுத்ததும் வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது. கதவு இடைவெளி மேலே பெயின்ட் உரசும் அளவுக்கு இறுகிப்போய், கீழே என் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு விரிந்திருந்தது. இந்த நிலையிலேயே புதுத் தகரத்தை வைத்து வெல்டிங் செய்திருந்தால் வண்டி ஆயுசுக்கும் கோணலாகவே நின்றிருக்கும்.

சரி செய்ய மூன்று நாள் ஆனது. நடுச்சட்டத்துக்குக் கீழே தடிமனான பலகை வைத்து, ஜாக்கியை ஒவ்வொரு இழுப்பாகத் தூக்கி, ஒவ்வொரு தடவையும் கதவை மூடிப் பார்த்தோம். மேலேயும் கீழேயும் ஒரே இரும்புப்பட்டைத் துண்டு சமமாக நுழைகிற இடத்தில் நிறுத்தி, கதவு வாசலுக்குக் குறுக்கே ஓரங்குலச் சதுரக்குழாய்களை முட்டாக வெல்டிங் வைத்தோம். அதற்கப்புறம்தான் ஒரு பக்கம் புதுப்பெட்டி. அது முழுதாக முடிந்த பிறகுதான் மறுபக்கம். இந்த முட்டு, வெட்டுவதற்கு முன்பே போட வேண்டியது. கிரைண்டரைக் கையில் எடுக்கும் முன் எல்லாக் கதவு இடைவெளியையும் அளந்து, சுவரில் சாக்பீஸால் எழுதி வையுங்கள். ஒரு வேளை டீ குடிக்கிற நேரம்தான் ஆகும்.

வெட்டும் முன் வண்டியின் பதிவுக் காகிதத்தையும் பார்த்துவிடுங்கள். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய சொந்த உபயோக வண்டியைப் பழம்பெரும் வண்டியாகப் பதிவு செய்யலாம். எண் பலகையில் விஏ என்ற எழுத்து வரும், புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஆசைக்குக் கூரையை வெட்டி உயர்த்திவிட்டு அப்புறம் ஆர்டிஓ அலுவலகத்தில் போய் நிற்பது வீண்வேலை. ஒவ்வொரு கட்டத்துக்கும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். முதலில் பெட்ரோல் டேங்க்.

நான் வேலை பழகிய பட்டறையில், ஒரு மாதத்துக்கு முன்பே வடித்துக் கவிழ்த்து வைத்த டேங்க் ஒன்று இருந்தது. ஓட்டையை அடைக்க ஒருவர் கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டினார். காதை அடைக்கிற சத்தம். டேங்க் பலூன்போல் உப்பி, ஓரத்தையல் கிழிந்து, எதிர்ச்சுவரில் போய் மோதியது. அவர் புருவமும் முன்கை முடியும் மட்டும் பொசுங்கித் தப்பித்தார். குனிந்து வேலை செய்யாமல் தள்ளி நின்றிருந்ததால் தப்பித்தார், அவ்வளவுதான். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. திரவமாக இருக்கும் பெட்ரோல் வெடிப்பதில்லை. காற்றோடு கலந்த ஆவிதான் வெடிக்கிறது. காற்றில் ஒன்றரை சதவீதம் ஆவி கலந்தாலே போதும், ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். காலி டேங்கின் அடியில் ஒட்டியிருக்கும் பழைய பிசினும் தையல் இடுக்கில் தங்கிய சில சொட்டுகளும் அந்த அளவு ஆவியைத் தாராளமாகக் கொடுக்கும். மோந்து பார்த்தேன், வாசம் இல்லை என்பதெல்லாம் கணக்கில் வராது.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். சர்வீஸ் குழி வெட்டி வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். இந்த மைக்ரோபஸ்ஸில் டேங்க் பின்னால், எஞ்சின் அறையை ஒட்டியே இருக்கிறது. ஆகவே பின்பக்கம் எங்கே வெல்டிங் வைப்பதானாலும் டேங்கை இறக்கி, வாயை அடைத்து, கொட்டகைக்கு வெளியே தூரமாக வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். டேங்க் ஓட்டையை வீட்டில் அடைக்க வேண்டாம். அதற்கென்றே இருக்கிற ரேடியேட்டர், டேங்க் வேலைக்காரர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

பெட்ரோல் ஓஸ் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காது, விரிசல் விட்டு ஒழுகும். எத்தனால் தாங்கும் ஓஸ் என்று கேட்டு வாங்குங்கள். ஒழுகினால் சூடான எஞ்சின் மேல்தான் விழும். அந்த எஞ்சினின் கூடு மக்னீசியம் கலந்த உலோகம். அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னும் மூர்க்கமாக எரியும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில், கொட்டகை வாசலில் இருக்கட்டும். உள்மூலையில் மாட்டினால் தீ பிடித்த நேரத்தில் அதை எடுக்கப் போக முடியாது.

ஜாக்கியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் சீல் எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடும். தூக்கியவுடன் இரும்பு ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் வைத்து ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டிக்குக் கீழே படுக்காதீர்கள்; பிளாக் நொறுங்கும் முன் அறிகுறியே காட்டாது. துரு வண்டியில் இன்னொரு சங்கடம், ஜாக்கி வைக்கும் இடமே இற்றுப்போயிருக்கும். சுத்தியல் பின்முனையால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் தகரம், பொத்தென்றால் துருவும், ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டியும்.

எங்கள் தொழிலில் உடம்பை மெதுவாகக் கெடுப்பது தூசியும் புகையும். பழைய வண்டிகளின் பெயின்டிலும் பிரைமரிலும் ஈயம் இருந்திருக்கலாம். கம்பி பிரஷ் மாட்டிய கிரைண்டரால் அதைத் தண்ணீர் விடாமல் தேய்த்தால் தூள் வீடு முழுக்கப் பரவும். குழந்தைகள் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொட்டகை வீட்டோடு ஒட்டியிருந்தால் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேயுங்கள், கழிவைத் துடைத்துப் பையில் கட்டுங்கள், வேலைச் சட்டையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள். அந்தச் சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும். வீட்டில் துவைப்பவர் யாரோ அவருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். பழைய பிரேக் ஷூவில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிரம்மைக் கழற்றியதும் காம்ப்ரசர் காற்றடித்து ஊதுகிற பழக்கத்தை அன்றோடு நிறுத்துங்கள், ஈரத்துணி போதும்.

துத்தநாகம் பூசிய தகரத்தில் வெல்டிங் வைத்தால் வெள்ளைப் புகை வரும். அன்று ராத்திரி குளிர்ஜுரம் அடிக்கும், வாய் இனிப்பும் இரும்புமாக இருக்கும், மறுநாள் சரியாகிவிடும். சரியாகிவிடுவதால்தான் யாரும் பொருட்படுத்துவதில்லை. பால் குடித்தால் போதும், வெல்லம் தின்றால் போதும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். நானும் பல வருடம் வெல்லம் தின்றேன். நுரையீரலுக்குள் போன புகையை வயிற்றுக்குள் போன வெல்லம் என்ன செய்யும்? வெல்டிங் வைக்கும் இடத்தில் இரண்டங்குலம் பூச்சைத் தேய்த்தெடுத்துவிட்டு, காற்றோட்டமாக வைத்துக்கொண்டு, புகைக்கான மாஸ்க் போட்டுச் செய்யுங்கள். பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்த இடத்தில் உடனே வெல்டிங் வைக்கவே கூடாது. சிலவற்றில் குளோரின் கலந்த திரவம் இருக்கும். வெல்டிங் வெளிச்சமும் சூடும் பட்டால் அது ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். போர்க்களத்தில் ஆளைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அது.

கண்ணைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு மனசு கனக்கும். நாலங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. அதிலிருந்து தெறிக்கும் இரும்புத்தூள் கருவிழியில் குத்தினால், ஒரே நாளில் சுற்றிலும் துருவளையம் படிய ஆரம்பித்துவிடும். ஆமாம், கண்ணுக்குள்ளும் இரும்பு துருப்பிடிக்கும். பட்டறையில் ஒருவர் இமையைப் பிடிக்க, இன்னொருவர் துணிமுனையாலோ தீக்குச்சியாலோ எடுப்பார். எங்கள் பட்டறையிலேயே அப்படி எடுத்து, புண்ணாகி, வெள்ளைத் தழும்பு விழுந்து, ஒரு பையனுக்கு அந்தக் கண்ணில் பார்வை மங்கிவிட்டது. இப்போதும் என்னோடுதான் வேலை செய்கிறான். தகரத்தின் நேர்கோட்டைப் பார்க்க அவன் தலையைச் சாய்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாள் ஞாபகம் வரும். கண்ணில் துகள் விழுந்தால் தேய்க்காமல் நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள். வெல்டிங் வெளிச்சம் பட்டு ராத்திரி மணல் கொட்டியதுபோல் உறுத்தினாலும் அப்படியே. தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கு வைத்துக் கட்டுவது எதுவும் வேண்டாம். கிரைண்டரின் காவல் தகட்டைக் கழற்றாதீர்கள். சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது, பக்கவாட்டும் மூடிய கண்ணாடி வேண்டும். லுங்கியோடு கிரைண்டரைத் தொடவே தொடாதீர்கள்.

பெயின்ட் அடிப்பதை மட்டும் வெளியே கொடுத்துவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். பெயின்டை இறுக வைக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயின்டில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஒரு தடவை உடம்பு அதற்கு ஒவ்வாமையாகிவிட்டால், அப்புறம் துளி காற்றில் இருந்தாலும் ஆஸ்துமாவாக மூச்சு அடைக்கும். மெடிக்கல் ஷாப் மாஸ்க் அதைத் தடுக்காது. வெளியிலிருந்து நல்ல காற்று குழாயில் வரும் முகமூடியோடு, பெயின்ட் அடிப்பதற்கென்றே அடைத்துக் கட்டிய அறைக்குள் அடிக்க வேண்டிய பெயின்ட் அது.

துருவுக்குத் திரும்ப வருகிறேன். வெளியே கொப்புளம் தெரிகிறதென்றால் உள்ளே அது தொடங்கிப் பல வருடம் ஆகியிருக்கும். இரும்பு துருவாகும்போது பருமன் பல மடங்கு கூடும். இரண்டு தகரத்துக்கு நடுவில் உருவானால் இரண்டையும் நெம்பிப் பிரித்துவிடும். அதன்மேல் பட்டி போட்டு மெழுகுவது, பல் சொத்தையை வெள்ளையடித்து மறைப்பது மாதிரி. வாங்கும்போதே காந்தத்தைத் துணியில் சுற்றிக் கீழ்ப்பெட்டியோரம் நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டிதான் இருக்கிறது. பேட்டரித் தட்டின் அடி, முன்கண்ணாடி ரப்பரின் கீழ்மூலைகள், சக்கர வளைவின் உள்பக்கம், இங்கெல்லாம் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்க விற்பவர் விடாவிட்டால் வேறு வண்டி பாருங்கள்.

தம்பியின் வண்டியில் இரண்டு பெட்டியும் முடிந்த பிறகு, உள்ளே நீளக்குழாய் விட்டுத் துருத்தடுப்பு மெழுகு அடித்தோம். அடியில் கம்பெனி வைத்த வடிகால் ஓட்டைகளை யாரோ முன்பு பட்டியால் அடைத்திருந்தார்கள், எல்லாவற்றையும் திறந்துவிட்டோம். ஐப்பசி முதல் மழைக்கு மறுநாள் காலையில் போன் வந்தது.

"அண்ணா, தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். டிரைவர் பக்கம் ஈரமா இருக்குதுங்க."

"கண்ணாடி ரப்பர் மூலையில விரலை வச்சுப் பாருங்க தம்பி."

அங்கேதான் ஒழுகியது. ரப்பரை மாற்றினோம். தரைத்தகரத்தை முழுக்கக் காயவைத்துவிட்டுத்தான் தரைவிரிப்பைத் திரும்பப் போட்டார்.