ஒரு 'லி' கெடுக்கும் வேலை

கிருஷ்ணகிரியில் இன்டர்வியூ பயிற்சி கொடுக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஓசூர் சிப்காட் வேலையை நம்பி வருபவர்கள். அவர்களுடைய பயோடேட்டாவை வாங்கினால் என் கண் முதலில் தேடுவது 'ஹார்ட்லி' என்ற வார்த்தையைத்தான்.

போன மாதம் ஒரு பெண் "ஐ வொர்க்டு ஹார்ட்லி" என்று எழுதிவந்தாள். பாடுபட்டேன் என்று சொல்ல நினைத்திருக்கிறாள். படிப்பவருக்கோ 'வேலையே செய்யவில்லை' என்றுதான் படும்.

"குயிக், குயிக்லி, ஸ்லோ, ஸ்லோலி. அப்படித்தானே சார் படிச்சோம்?" என்றாள். நியாயமான கேள்விதான். ஆனால் 'ஹார்ட்' அந்தக் கூட்டத்தில் சேராது. பழைய ஆங்கிலத்தில் வினையடையாக வரும்போது அதன் கடைசியில் ஓர் 'எ' ஒலி இருந்தது. காலப்போக்கில் அது உதிர்ந்துவிட்டது. அதனால் பெயரடைக்கும் வினையடைக்கும் ஒரே உருவம். 'ஃபாஸ்ட்' என்பதும் அப்படித்தான், அதற்கு 'ஃபாஸ்ட்லி' கிடையாது. பாடுபட்டேன் என்று சொல்ல 'ஐ வொர்க்டு ஹார்ட்' என்றாலே போதும். 'ஹார்ட்லி'யோ தனி வழியில் போய், 'கிட்டத்தட்ட இல்லை' என்ற பொருளில் நின்றுவிட்டது. 'லேட்', 'லேட்லி'யிலும் இதே வம்பு உண்டு: "ஐ கேம் லேட்லி" என்றால் தாமதமாக வந்தேன் என்று ஆகாது.

சரி, 'ஹார்ட்' சாதாரணமாக இருக்கிறதே என்று சிலர் 'டிலிஜென்ட்லி' போடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் குவாரியில் கல் உடைப்பவரை அப்படிச் சொன்னால் ஒட்டாது. அவர் உழைப்பது 'ஹார்ட்'. அளவெடுத்து, சரிபார்த்து, கணக்கு பிசகாமல் எழுதுபவருக்குத்தான் 'டிலிஜென்ட்லி' பொருந்தும். அதன் லத்தீன் வேரில் பலம் இல்லை, மதிப்பும் பிரியமும் இருக்கின்றன. விடாமல் கவனமாக உழைப்பதைச் சொல்ல 'அசிடுவஸ்லி' என்று இன்னொன்று உண்டு. அதன் வேருக்கு 'பக்கத்தில் உட்கார்ந்திருத்தல்' என்று பொருள். பயோடேட்டாவில் போட வேண்டாம், வாய் குழறும். எனக்கு மட்டும் அதைக் கேட்டால் பட்டுப்புழு மனைதான் ஞாபகம் வரும். நாலாவது தோலுரிப்பு முடிந்த புழுவுக்கு மல்பெரி இலை போட்டு மாளாது, ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இதைச் சொன்னதும் அந்தப் பெண், "எங்க வீட்லயும் புழு வளர்க்கிறோம் சார். ராத்திரி இலை போடறது நான்தான்" என்றாள்.

அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். இதெல்லாம் எழுதலாமா என்று திரும்பக் கேட்டாள். அப்புறம் 'ஹார்ட்லி' வரியை அடித்துவிட்டு, காலேஜ் போய்க்கொண்டே புழு மனையில் என்னென்ன வேலை செய்தாள் என்பதை ரெண்டு வரியில் எழுதினோம். அதில் வினையடை ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.